ஓட்டத்துக்கு எடை குறைந்த மழை ஜாக்கெட்: காரைக்குடி மார்கழிக்கும் லீட்ஸ் குளிருக்கும் ஒன்றே போதுமா?

கோட்டையூர் ஓட்டக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூரிலிருந்து காரைக்குடி எல்லை வரை சென்று திரும்பும் சாலையில் விடியற்காலையில் ஓடுகிறவன் நான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேகம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தை ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் மழையிலும் மார்கழி, தையில் பனியிலும் நனைந்துதான் வீடு திரும்புகிறேன். இந்த ஆண்டு டிசம்பர் நடுவில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்று பிப்ரவரி வரை தங்க இருக்கிறேன். அங்கு போயும் ஓட்டத்தை விடுவதாக இல்லை.

ஆகவே, இரண்டு ஊருக்கும் பொதுவாக, மடித்தால் இடுப்புப் பையில் அடங்குகிற, 200 கிராமுக்கு மேற்படாத, மழையும் காற்றும் தாங்குகிற ஜாக்கெட் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைக்கிறேன். இணையக் கடைகளில் ‘10,000 மி.மீ.’, ‘20,000 கிராம்’, ‘2.5 அடுக்கு’ என்று எண்களாகக் கொட்டிக் கிடக்கின்றன. விலையில் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. எந்த எண்ணை நம்புவது, எதை ஒதுக்குவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

புதுவயல் தம்பி எழுதியது:

அண்ணன், நம் ஊரைப் பொறுத்தவரை ஜாக்கெட்டே வேண்டாம் என்பது என் கட்சி. தை மாத விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் வாடைக்காற்றுகூட இதமாகிவிடும். மழை பெய்தால் நனையுங்கள். வீட்டுக்கு வந்ததும் துவட்டிக்கொள்ளுங்கள். முன்விளிம்பு உள்ள தொப்பி ஒன்று இருந்தால் கண்ணில் தண்ணீர் விழாது. கைபேசிக்குப் பிளாஸ்டிக் உறை ஒன்று போதும். அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம்.

ஆய்வகத் தெருக்காரர் எழுதியது:

தம்பி சொன்ன முடிவோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் காரணத்தையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் லீட்ஸ் விஷயத்தில் கோட்டையூர் அண்ணனால் சரியாக முடிவெடுக்க முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மேற்பூச்சுகளோடு நாள் முழுதும் மல்லுக்கட்டுவது என் தொழில் என்பதால் நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

மழைநீரை உள்ளே விடாமல் வியர்வையை மட்டும் வெளியே விடும் இன்றைய படலத் துணிகளின் கதை 1969-இல் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் தண்டைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறது. மெதுவாக இழுத்தபோதெல்லாம் அறுந்துபோன அந்தப் பொருள், ஒரே இழுப்பில் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த படலமாக மாறியது. 1976-இல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியதாகவும் நீராவி நுழையும் அளவுக்குப் பெரியதாகவும் அந்தத் துளைகள் இருப்பதுதான் இதன் அடிப்படை. முதல் தலைமுறைப் படலம் உடலின் எண்ணெய்ப் பசையால் கெட்டு ஒழுகியதால், பிறகு அதன் மேல் பாலியூரித்தேன் அடுக்கு ஒன்றைப் பூசினார்கள். இன்று விற்கும் மலிவான ஜாக்கெட்டுகளில் டெஃப்லான் படலம் இருப்பதில்லை. துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு மட்டுமே இருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்தப் படலமும் வியர்வையைத் தானாக இழுத்து வெளியே தள்ளுவதில்லை. உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் நீராவியின் அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அதை வெளியே தள்ளுகிறது. ஓடுகிறவரின் தோலையொட்டி 33 டிகிரியில் ஈரம் செறிந்த காற்று இருப்பதாகக் கொண்டால் அங்கே நீராவி அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். லீட்ஸில் 5 டிகிரியும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காலையில் வெளிக்காற்றின் நீராவி அழுத்தம் 0.8 கிலோபாஸ்கலைத் தாண்டாது. நம் ஊரில் மழைக்கால விடியலில் 23 டிகிரியும் 95 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அதுவே 2.7 கிலோபாஸ்கல். ஆக, அங்கே 4.2 கிலோபாஸ்கல் வித்தியாசம் வியர்வையை வெளியே தள்ளும்போது, இங்கே 2.3 மட்டுமே தள்ளுகிறது. ஒரே ஜாக்கெட் நம் ஊருக்கு வந்ததும் ஏறக்குறைய பாதிதான் வேலை செய்யும். வியர்வையோ இங்கேதான் அதிகம்.

‘20,000 கிராம்’ என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் நீராவியின் எடை. 10,000 என்று போட்ட ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 417 கிராம். ஓடுகிறவர் ஒருவர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வியர்வை சிந்துவது சாதாரணம். ஆய்வுக்கூடத்தின் சாதகமான சூழலில் கிடைக்கும் 417 கிராமே போதாது என்னும்போது, கார்த்திகை மாதக் கோட்டையூர்ச் சாலையில் அது எந்த மூலைக்கு? ஆகவே மழைக்குப் பயந்து ஜாக்கெட் போட்டால் வெளியே இருந்து நனைவதற்குப் பதிலாக உள்ளே இருந்து நனைவீர்கள். நனைவதோடு வெந்தும் போவீர்கள் என்பது கூடுதல்.

இன்னொரு சங்கடம், இந்த எண்ணை அளக்கும் முறைகள் பலவாக இருப்பது. ஜப்பானியத் தரத்திலேயே ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் ஒரே துணி பல மடங்கு வேறுபட்ட எண்களைக் காட்டும். எந்த முறையில் அளந்தது என்று போடாத கடைக்காரரின் 20,000-ஐ வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஆர்.இ.டி. என்ற அளவு கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். 35 டிகிரியில் வியர்க்கும் தகட்டின் மேல் துணியைப் போட்டு, நீராவி வெளியேற எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பது அது. அங்கே எண் குறையக் குறைய நல்லது. 6-க்குக் கீழ் என்றால் மிக நன்று. 12 வரை ஓடுவதற்கு ஒப்புக்கொள்ளலாம். 20-ஐத் தாண்டினால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கோட்டையூர் ஓட்டக்காரன் எழுதியது:

மிக்க நன்றி. எண்களின் பின்னணி இப்போது விளங்குகிறது. அப்படியானால் ‘10,000 மி.மீ.’ என்பது எதைக் குறிக்கிறது? அது கூடக் கூட நல்லதா? எடை குறைந்த துணி சீக்கிரம் கிழிந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. சாலையோரம் கருவேல முள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது.

நெசவு வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஐயா, துணி என்று வந்துவிட்டதால் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தறி ஓடிய காலம் போய், இப்போது காரைக்குடியில் தையற்கடை வைத்திருக்கிறேன்.

மி.மீ. கணக்கு நீர்த்தம்பத்தின் உயரம். துணியை இறுக்கிப் பிடித்து ஒரு பக்கம் நீரின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் துளி அரும்பும்போது அழுத்தம் எவ்வளவு என்று குறிப்பார்கள். 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கியிருக்கிறது. வானத்திலிருந்து விழும் துளிக்கு அவ்வளவு வலு கிடையாது. முதுகுப் பையின் வார் தோளில் அழுத்துகிற இடம், ஈரத்தரையில் உட்காருகிற இடம் ஆகியவற்றுக்குத்தான் பெரிய எண் வேண்டும். பை மாட்டாமல் ஓடுகிறவருக்கு 10,000 தாராளம். 20,000-க்காக எடையையும் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நூலின் பருமனை டீனியர் என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் பருத்தி நூலில் நம்பர் கூடினால் நூல் மெலியும். எண்பதாம் நம்பர் நூல் நாற்பதாம் நம்பரைவிட மெல்லியது. டீனியரில் அது தலைகீழ். எண் கூடினால் நூல் தடிக்கும். கடையில் 7 டீனியர் என்று கண்டால் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய நைலான் என்று புரிந்துகொள்ளுங்கள். எடை மிகக் குறைவாக இருக்கும். முள் பட்டால் போயே போய்விடும். உங்கள் சாலைக்கு 15 முதல் 20 டீனியர் ஏற்றது. ‘ரிப்ஸ்டாப்’ என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியிருப்பார்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் சிறுசிறு கட்டங்கள் தெரியும். கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும்.

அடுக்கு விஷயம் இதுதான். மூன்று அடுக்கு என்றால் வெளித்துணி, படலம், உடம்பில் படும் மெல்லிய உள்துணி என மூன்றும் ஒட்டி ஒன்றாக இருக்கும். இரண்டரை அடுக்கில் உள்துணிக்குப் பதிலாகப் படலத்தின் மேல் புள்ளிகளோ கோடுகளோ அச்சிட்டிருப்பார்கள். எடை குறையும். ஆனால் அரைக்கை பனியனோடு போட்டால் முழங்கையில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். முழுக்கை உள்சட்டை போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். பருத்தி பனியன் மட்டும் உள்ளே வேண்டாம். அது வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. திருப்பூர்ப் பாலியஸ்டர் பனியன் போதுமானது.

கடைக்கு நேரில் போகிறவர்கள் கையோடு செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதுங்கள். மூச்சு சிரமப்பட்டாவது மறுபக்கம் போனால் அது காற்றுத்தடுப்புச் சட்டை. துளியும் போகாமல் கன்னம் உப்பினால் உள்ளே படலமோ பூச்சோ இருக்கிறது. பிறகு உட்புறத்தைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஊசி குத்திய துளை ஒவ்வொன்றும் ஒழுகும் இடம்தான். ஆகவே தையல் நெடுக நாடா ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டிவிட்டுப் பக்கவாட்டுத் தையலை அப்படியே விட்டிருந்தால் அது தூறலுக்கு மட்டுமே ஆகும்.

என் தொழிலுக்கு விரோதமாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கை நீளமாக இருக்கிறது, இடுப்பு தொளதொளவென்று இருக்கிறது என்று எந்தத் தையற்காரரிடமும் இந்த ஜாக்கெட்டைக் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் போடும் ஒவ்வொரு தையலும் ஒரு வரிசை ஓட்டை. அளவு சரியாக இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.

நடுவர் எழுதியது:

நடுவே இருந்த விற்பனை இணைப்புகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். ஜாக்கெட் வகைகளைப் பற்றிப் பேசலாம். கடைகளுக்கு ஆள் பிடிக்க வேண்டாம்.

லீட்ஸ்வாழ் தேவகோட்டையான் எழுதியது:

கோட்டையூர் அண்ணனுக்கு வணக்கம். வருகிற ஊரிலேயே இருக்கிறேன் என்பதால் இந்தப் பக்கத்து நிலவரத்தை எழுதுகிறேன்.

டிசம்பர், ஜனவரியில் இங்கே பகல் 5, 6 டிகிரியிலும் இரவு அதற்குச் சில டிகிரி கீழேயும் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாள்களும் உண்டு. மழை என்றால் நம் ஊர் ஐப்பசி அடைமழை போலப் பொத்துக்கொண்டு ஊற்றுவது குறைவு. மெல்லிய தூறலாக, காற்றோடு சாய்வாக, மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். டிசம்பர் கடைசியில் காலை எட்டேகாலுக்குப் பிறகுதான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும்.

இங்கே முதல் எதிரி காற்று. 4 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 30 கி.மீ. காற்று முகத்தில் மோதினால், உடம்புக்கு அது மைனஸ் 1 டிகிரி போலத் தோன்றும் என்பது கணக்கு. எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் ஓட்டத்தின் வேகத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், 30 என்பது பெரிய எண் இல்லை. படலமே இல்லாத, 100 கிராமை ஒட்டிய, காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றையே நான் பெரும்பாலான நாள்கள் போட்டுக்கொள்கிறேன். அதன் மேற்பரப்பில் நீர்விலக்கிப் பூச்சு இருப்பதால் இருபது நிமிடத் தூறலைத் தாங்கும். உள்ளே இருக்கும் ஈரமும் காற்றோடு போய்விடும். மழை நிச்சயம் என்று தெரிந்த நாளில் மட்டும், தையலில் நாடா ஒட்டிய, தலைமூடியுள்ள மழை ஜாக்கெட்டை எடுப்பேன்.

ஆகவே என் யோசனை, இரண்டு ஊருக்கும் ஒரே ஜாக்கெட் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான். காற்றுத்தடுப்புச் சட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழை ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இங்கே தள்ளுபடி விற்பனை நடக்கும். போட்டுப் பார்த்து, உள்சட்டைக்கு இடம் இருக்கிறதா என்று கையை மேலே தூக்கிப் பார்த்து வாங்கலாம். கையைத் தூக்கும்போது இடுப்பு விளிம்பு மேலே ஏறிவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 9 மணிக்கு இங்கே ‘பார்க்ரன்’ என்று 5 கி.மீ. இலவச ஓட்டம் பூங்காக்களில் நடக்கிறது. முன்பதிவு ஒருமுறை செய்தால் போதும். அதற்கு மழை ஜாக்கெட்டெல்லாம் வேண்டியதில்லை; முடிந்ததும் போர்த்திக்கொள்ள ஒன்று கையில் இருந்தால் சரி. மகனோ மருமகளோ உங்களை மலையோட்டம் எதற்காவது அழைத்துப் போனால் அது வேறு கதை. பிரிட்டனில் நீண்ட மலையோட்டங்களுக்குத் தலைமூடி இணைந்த, தையலில் நாடா ஒட்டிய முழு மழைக்காப்பு உடை இல்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்கவே விட மாட்டார்கள்.

புதுவயல் தம்பி எழுதியது:

அங்கே பனியில் அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஓடுகிறவர்களைப் படங்களில் பார்க்கிறோமே, அண்ணன்? உடம்புச் சூடு போதும் என்பதற்கு அவர்களே சாட்சி இல்லையா?

லீட்ஸ்வாழ் தேவகோட்டையான் எழுதியது:

தம்பி, அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது உண்மை. கால் பிசகி நடக்க வேண்டி வந்தால், அல்லது காற்றும் மழையும் ஒருசேர வந்தால், உடம்பு உண்டாக்கும் சூட்டைவிட இழக்கும் சூடு அதிகமாகிவிடும். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கி.மீ. மலையோட்டத்தில், கோடை தொடங்கும் பருவம் என்று மெல்லிய உடையோடு ஓடியவர்களை உயரமான பகுதியில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒன்றாகத் தாக்கின. 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். காற்றுத்தடுப்பு ஜாக்கெட் அந்தப் போட்டியில் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி நடக்கும் பெரிய ஓட்டத்தில் தலைமூடியும் ஒட்டிய தையலும் உள்ள ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கி, 10,000 மி.மீ. தாங்குதிறனும் 13-க்குக் குறைவான ஆர்.இ.டி.யும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

எல்லோரும் வேகமாக ஓடுகிறவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறீர்கள். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்தில் போகும் புதுவயல் தம்பிக்கு உண்டாகும் சூடு வேறு; ஒன்பது நிமிடத்தில் ஓடியும் நடந்தும் போகும் எனக்கு உண்டாகும் சூடு வேறு. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை 20 டிகிரி என்ற ஓர் எண்ணைக் காட்டித் தள்ளிவிட முடியாது. பனியில் நனைந்த சட்டையோடு, நின்று நின்று, வாடைக்காற்றில் வீடு திரும்பும்போது எனக்குப் பல் தந்தியடிக்கிறது. ஆகவே ஜாக்கெட்டே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை.

அதே சமயம், ஆய்வகத் தெருக்காரர் சொன்ன வேக்காடும் உண்மை. நான் கண்ட வழி கையில்லாத காற்றுத்தடுப்புச் சட்டை. முன்பக்கம் காற்றைத் தடுக்கும் துணியும் முதுகில் வலைத்துணியும் இருக்கிற வகையைத் தேடி வாங்குங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் காற்று படாது. முதுகு, அக்குள் வழியாக வியர்வை போய்விடும். சூடு ஏறினால் ஜிப்பைப் பாதி இறக்கிவிடலாம். பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்களின் அளவிலேயே சின்னதாகத் தைத்து நிறத்தை மட்டும் மாற்றி விற்பவை ஏராளம். தோள் பொருந்தினால் இடுப்பில் பிடிக்கும். போட்டுக்கொண்டு நான்கு எட்டு குதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மழையைவிட நம் ஊரில் எனக்கு அச்சம் தருபவை இரண்டு. ஒன்று இடி. ஐப்பசியில் மாலை நேரத்தில் திடீரென்று கறுத்துக்கொண்டு வரும். நம் பக்கத்துப் பொட்டலில் தனியாக ஓடும் மனிதர்தான் உயரமான பொருள். இடிச்சத்தம் காதில் விழுந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். புளிய மரத்தடியிலோ பனை மரத்தடியிலோ ஒதுங்கக் கூடாது. எந்த ஜாக்கெட்டும் இதற்கு உதவாது.

இன்னொன்று, இருட்டு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிற பாதயாத்திரைக்காரர்கள் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஓட்டக்காரர்களில் பலர் கறுப்பு ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்கொண்டு, மணல் லாரி வருகிற சாலையில் விடியுமுன் ஓடுகிறார்கள். மார்பில் சிறிய முத்திரையாக மட்டும் ஒளிர்வது போதாது. கையிலும் முதுகிலும் பட்டை வேண்டும், ஏனென்றால் அசைகிற பட்டைதான் ஓட்டுநர் கண்ணில் முதலில் படும். மஞ்சளோ ஆரஞ்சோ பகலில் எடுப்பாகத் தெரியும்; இரவில் விளக்கொளியைத் திருப்பி அனுப்புவது பட்டை மட்டும்தான். நான் சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுகிறேன்.

கோட்டையூர் ஓட்டக்காரன் எழுதியது:

ஆச்சி சொல்லும் கையில்லாத சட்டை எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். நண்பர் ஒருவர் தாம் முன்பு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மழை ஜாக்கெட்டைத் தருவதாகச் சொல்கிறார். நல்ல நிறுவனத்துடையது, அதிகம் போடாதது. பீரோவிலேயே பல ஆண்டுகள் இருந்தது. அதை லீட்ஸுக்கு எடுத்துப் போகலாமா?

ஆய்வகத் தெருக்காரர் எழுதியது:

வாங்குவதற்கு முன் உட்புறத்தைத் திருப்பித் தடவிப் பாருங்கள், அண்ணன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, தோள் மடிப்பில் தேய்த்ததும் வெள்ளைச் செதில்களாக உதிர்ந்தாலோ, நாடா ஓரத்தில் எழும்பியிருந்தாலோ, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலியூரித்தேன் பூச்சை நீர் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தச் சிதைவு வேகமெடுக்கிறது. போடாமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்பது பட்டுப்புடவைக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. நம் ஊர்ப் பீரோவில், அதுவும் வியர்வை போகத் துவைக்காமல் இறுக மடித்து, அந்துருண்டை போட்டு வைத்த ஜாக்கெட் ஓடாமலேயே கிழடாகிவிடும். உரிந்த பூச்சைத் திரும்ப ஒட்டவைக்க வழி கிடையாது. நீங்கள் எதை வாங்கினாலும் துவைத்து, நன்றாக உலர்த்தி, மடிக்காமல் கொக்கியில் தொங்கவிடுங்கள். இடுப்புப் பைக்குள் சுருட்டி வைப்பது ஓடும் நேரத்துக்கு மட்டும்.

வெளிப்பக்கத்தின் நீர்விலக்கிப் பூச்சு தனி விஷயம். கையில் தண்ணீரைத் தொட்டு ஜாக்கெட்டின் கைப்பகுதியில் தெளித்துப் பாருங்கள். துளிகள் முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு நலமாக இருக்கிறது. துணி கறுத்து, தண்ணீர் படர்ந்து ஊறினால் பூச்சு போய்விட்டது. உள்ளே இருக்கும் படலம் அப்போதும் ஒழுகாது. ஆனால் வெளித்துணி ஈரமாகிக் கனத்து, நீராவி வெளியேறும் வழியை அடைத்துவிடுவதால், உள்ளே வியர்வை குளிர்ந்து நீராகி நிற்கும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று புகார் சொல்கிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

இதில் சமீப காலத்து மாற்றம் ஒன்றும் இருக்கிறது. முன்பு இந்தப் பூச்சுகள் ஃபுளோரின் சேர்மங்களால் செய்யப்பட்டன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுவதால் கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலிருந்தும் பிரான்சு 2026 ஜனவரியிலிருந்தும் உடைகளில் அவற்றுக்குத் தடை விதித்திருக்கின்றன. கோர் நிறுவனமும் 2022-இலிருந்து டெஃப்லானுக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் படலத்தைக் கொண்டுவரத் தொடங்கியது. ஃபுளோரின் இல்லாத புதிய பூச்சுகள் தண்ணீரை நன்றாகவே தள்ளுகின்றன. எண்ணெயைத் தள்ளும் திறன் மட்டும் அவற்றுக்குக் கிடையாது. நம்மவர்கள் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு ஓடினால் கழுத்துப் பட்டியும் தலைமூடியும்தான் முதலில் ஊறும். ஓடப்போகிற காலையில் எண்ணெய் வைக்க வேண்டாம் என்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

துவைப்பது எளிது. மென்மையாக்கி கலக்காத திரவச் சோப்பு, 30 டிகிரி தண்ணீர், சோப்பு முழுதாகப் போகும்படி இரண்டு முறை அலசல். பிளீச்சிங் பவுடர் கூடாது. உலர்ந்த பிறகு மிதமான சூடு காட்டினால் தளர்ந்த பூச்சு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். லீட்ஸில் மகன் வீட்டில் உலர்த்தும் இயந்திரம் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் போடுங்கள். இங்கே என்றால், உள்ளே தைத்திருக்கும் குறிப்புத் துணியில் இஸ்திரி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மேலே ஒரு பருத்தித் துண்டைப் போட்டு, மின்சாரப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஒத்தி எடுக்கலாம். தெருமுனை வண்டிக்காரரின் கரிப்பெட்டியிடம் மட்டும் கொடுக்கவே வேண்டாம், நைலான் பொசுங்கிவிடும்.

புதுவயல் தம்பி எழுதியது:

ஆச்சி சொல்லும் கையில்லாத சட்டைக்கு என் கட்சியிலும் இடம் உண்டு. முழுக்கை ஜாக்கெட் வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

கோட்டையூர் ஓட்டக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நண்பரின் ஜாக்கெட்டை நேற்று மாலை போய்ப் பார்த்தேன். தோள்பட்டையில் விரல் வைத்ததும் பிசுபிசுத்தது. தலைமூடித் தையலின் நாடா ஒரு முனையில் உரிந்து நின்றது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதுரைக்குப் போகிற வேலை இருக்கிறது. அங்கே பெரிய விளையாட்டுப் பொருள் கடையில், கையில்லாத சட்டை ஒன்றையும், 15 அல்லது 20 டீனியரில் ஒளிரும் பட்டையுள்ள முழுக்கைக் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றையும் ஊதிப் பார்த்து வாங்கிவருகிறேன். மழை ஜாக்கெட்டை லீட்ஸில் பார்த்துக்கொள்கிறேன். தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு கேள்வி: நான் வந்து இறங்குவதற்கும் கிறிஸ்துமஸ் தள்ளுபடிக்கும் இடையே உள்ள நாள்களில் மழை பெய்தால் என்ன செய்வது?

லீட்ஸ்வாழ் தேவகோட்டையான் எழுதியது:

அண்ணன், அந்த நாள்களுக்கு முழுக்கைக் காற்றுத்தடுப்புச் சட்டைக்கு உள்ளே மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுங்கள். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்துவைக்கும். வீட்டிலிருந்து ஒரே திசையில் வெகுதூரம் போய்விடாதீர்கள். நனைந்துவிட்டால் பத்து நிமிடத்தில் கதவைத் தட்டும் தொலைவில் இருப்பது நல்லது. கையுறையும் காதை மூடும் தொப்பியும் மகனிடம் இருக்கும். உங்கள் மார்பளவையும் கை நீளத்தையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என்னிடம் உள்ள மழை ஜாக்கெட்டுகளில் ஒன்று பொருந்தினால், நீங்கள் வாங்கும் வரை அதையே போட்டுக்கொள்ளலாம்.